இருமல் வரும் இடம்

கல்லுக்கட்டிக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில்
கணக்கு எழுதுகிறேன்.
வாழையிலை முந்நூறு. ஜெனரேட்டருக்கு டீசல்.
வாசல் கோலத்துக்குக்கூட ஆயிரத்து இருநூறு.
மேளம் என்ற இடத்தில் ஒரு கோடு.
பென்டிரைவ் இருக்கிறது,
போட்டுவிடுபவன் ஸ்பீக்கர் வாடகைக்குள் அடக்கம்.

ஆவணி முகூர்த்தம், இரண்டாம் பந்தி.
பாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆனந்தபைரவி ஓடிக்கொண்டிருந்தது.
கடைசி வரிசையில் ஒருவர்
சாம்பார் வாளியைக் கையால் தடுத்து
தூணில் கட்டிய ஸ்பீக்கரைப் பார்த்தார்.
"இப்ப இருமுவான் பாருங்க" என்றார்.

ஸ்பீக்கர் இருமியது.

பக்கத்து இலைக்காரர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று வருடமாகக் கேட்கும் இருமல் அது,
பந்தியில் யாருக்கோ புரையேறுகிறது
என்றே நினைத்திருந்தேன்.

கைகழுவும் இடத்தில் சொன்னார்.
பள்ளத்தூர் வயிரவசுந்தரம். நாயனம்.
"நேத்துகூட குன்றக்குடியில வாசிச்சேன்,
இங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவனா வந்திருக்கேன்.
பேட்டரிக் கடை மாடியில பதிவு பண்ணினது.
அஞ்சு பேருக்கும் சேர்த்து நாலாயிரம், தயிர்சாதம்.
இருமினது தாளம் முத்துக்கருப்பன்.
திரும்ப வாசிக்கிறோம்னோம்.
மணிக்கணக்குல வாடகை ஓடுது, இருக்கட்டும்னார்.
இருந்துடுச்சு."

பஸ்ஸில் கேட்டிருக்கிறாராம். நகைக்கடையில்.
ஒரு முறை கடன் கேட்டு வங்கிக்குப் போன் போட்டபோது
காத்திருக்கச் சொல்லிவிட்டு
அவரையே அவருக்கு வாசித்துக் காட்டினார்களாம்,
பதினாலு நிமிடம்.

"காதுக்குக் கட்டணம் வைக்கச் சொல்லல தாயி.
கேக்குறவன் கேக்கட்டும்.
போடுறவன் எதையோ விக்கிறதுக்குத்தானே போடுறான்,
அதுல."

அதுல என்று நிறுத்திவிட்டு
சட்டையில் கை துடைத்தார்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு, மகமை.
மூட்டைக்குக் காலணா எடுத்து வைப்பார்கள்.
வாங்கியவனுக்குத் தெரியாது, விற்றவனுக்கு வலிக்காது,
கோயிலில் விளக்கு எரியும்.
வெளிச்சத்துக்கு எவனும் டிக்கெட் எடுத்ததில்லை,
எண்ணெய்ச் செக்குக்காரனுக்குப் பாக்கி வைத்ததும் இல்லை.

மறுநாள் பில்லில் ஒரு வரி சேர்த்தேன்:
இசை மகமை, ரூ. 11.

பெண்ணின் தகப்பனார் நாச்சியப்பன்
வாழைத்தாருக்கு அரைமணி நேரம் பேரம் பேசியவர்.
பேனா முனை வரிவரியாக இறங்கி
அங்கே நின்றது.
"இது என்ன?"
"வாசித்தவர்களுக்கு."
"வாசிக்க யார் வந்தா?"
தூணைக் காட்டினேன்.
"அது சும்மா கிடைக்கிறதுதானே?"
"கேட்கிறவர்களுக்கு."

கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"பதினொண்ணு பெரிசில்லை.
யார் பேர்ல பற்று எழுதுறது?
பேரில்லாத பணம் எங்க வீட்டுப் பேரேட்டுல ஏறாது."

எழுதிக் கொடுத்தேன்.
நாயனம் வயிரவசுந்தரம், பழநிவேல்.
தவில் அடைக்கலம், சின்னையா.
தாளம் முத்துக்கருப்பன்.

வகுத்துப் பார்த்தார்.
ஆளுக்கு இரண்டு ரூபாய் இருபது காசு.
"இருபது காசு எங்கே செல்லுது இப்ப?
பதினஞ்சாப் போடு. மூணு மூணு."
பேரத்தில் மேலே ஏறியதை
அவரே கவனித்ததாகத் தெரியவில்லை.

முத்துக்கருப்பன் போன தையில் இறந்துவிட்டார்.
புதுவயல் அரிசி ஆலையில்
கல் பொறுக்கும் அவர் மனைவியிடம்
மூன்று ரூபாயும் ரசீதும் கொடுத்தேன்.
பஸ் டிக்கெட் அதைவிட அதிகம்.
அந்தம்மா ரூபாயை முடிந்துகொள்ளவில்லை,
ரசீதைத்தான் இரண்டு முறை பார்த்தார்கள்.
"இருமினதுக்கா?" என்றார்கள்.
நான் சொல்லாமலே.

முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்,
அடுத்த பில்லில் அந்த வரி வேண்டாம்,
இன்றைக்கு இவன், நாளைக்குச் சினிமாக்காரன் வருவான்.
வரட்டுமே என்று சொல்ல வாய் வரை வந்தது.
சம்பளத் தேதி.

புரட்டாசி கழிந்து ஐப்பசியில் ஏழு முகூர்த்தம்.
மேளம் என்ற இடத்தில் கோடுதான் போடுகிறேன்,
பேனாவால் அல்ல, பென்சிலால்.
போட்டுவிட்டு, இரண்டாம் பந்தியில்
அந்த இடம் வரும்வரை
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.